டெஸ்க்டாப் ஐகானை டபுள் கிளிக் பண்ணா சைட் திறக்கலையா? டெலிட் பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

தர்மபுரி நாலு ரோட்டுக்கு பக்கத்துல ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர்ல வேலை பாக்கறேன். பட்டா சிட்டா, வில்லங்கம், சாதி சான்று, ரிசல்ட், ட்ரெயின் டிக்கெட்னு காலையில ஷட்டர் தூக்கினதுல இருந்து ராத்திரி வரைக்கும் இதேதான். புதுசா வேலைக்கு வர்ற பசங்களுக்கு நான் மொத நாள் சொல்லிக் குடுக்கறது டைப்பிங் இல்ல, டெஸ்க்டாப்ல இருக்கற ஷார்ட்கட் திறக்கலன்னா என்ன பண்றதுங்கறதுதான், அதுக்கு காரணம் இருக்கு.

நான் சேர்ந்த புதுசுல வத்தல்மலையில இருந்து ஒரு அம்மா இறங்கி வந்திருந்தாங்க, பொண்ணை காலேஜ்ல சேர்க்க சாதி சான்று வேணும்னு. ரேஷன் கார்டு, ஆதார், பொண்ணோட டிசி எல்லாத்தையும் ஒரு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, அதுக்கு மேல ரப்பர் பேண்ட் போட்டு வெச்சிருந்தாங்க. நான் டெஸ்க்டாப்ல இருந்த இ-சேவை ஐகானை டபுள் கிளிக் பண்ணேன், செஷன் எக்ஸ்பயர்டுன்னு, அதாவது லாகின் நேரம் முடிஞ்சிதுன்னு வந்துச்சு, திரும்ப பண்ணேன், திரும்பவும் அதே. "சர்வர் டவுன்மா, நாளைக்கு வாங்க"ன்னு, அதாவது சைட்டை நடத்தற கம்ப்யூட்டரே வேலை செய்யலன்னு சொல்லி அனுப்பிட்டேன். மறுநாள் வந்தாங்க, மறுபடியும் அதேதான், மறுபடியும் அனுப்பிட்டேன். மூணாவது நாள் எங்க ஓனர் அண்ணன் கடையில இருந்தாரு, அவரு ஐகானை தொடவே இல்ல, பிரவுசரை திறந்து அட்ரஸை கையால அடிச்சாரு, அடுத்த நிமிஷம் சைட் வந்துடுச்சு. அந்த அம்மா என்னைத் திட்டல, "மொத நாளே இப்படி அடிச்சு பாத்திருக்கலாமில்ல சாமி"ன்னு மட்டும் கேட்டாங்க. ரெண்டு நாள் கூலி போச்சு அவங்களுக்கு. சர்வர் நல்லாத்தான் இருந்திருக்கு, நான் வெச்சிருந்த ஐகான்தான் தப்பு. அதுக்கப்புறம் சர்வர் டவுன்னு சொல்றதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு ஒவ்வொண்ணா கத்துக்கிட்டேன், அதைத்தான் இங்க எழுதறேன். கம்ப்யூட்டருக்கு புதுசா வந்தவங்களும் புரிஞ்சிக்கற மாதிரி எழுதியிருக்கேன், வீட்ல ஒரே ஒரு லேப்டாப் வெச்சிருக்கறவங்களுக்கும் இதே வழிதான்.

மொதல்ல ஐகான்னா என்னன்னு புரிஞ்சிக்கணும். டெஸ்க்டாப்ல இருக்கற அந்த படம் சைட்டே கிடையாது, அது அட்ரஸ் எழுதின ஒரு சீட்டு, அவ்வளவுதான். படத்தோட இடது கீழ் மூலையில ஒரு குட்டி அம்புக்குறி இருக்கும் பாருங்க, அது இருந்தா ஷார்ட்கட். சீட்டுல அட்ரஸ் தப்பா இருக்கலாம், சீட்டை எடுத்துக்கிட்டு போற பிரவுசர் காணாம போயிருக்கலாம், இல்ல போய்ச் சேர வேண்டிய எடமே பூட்டியிருக்கலாம். இந்த மூணுல எதுன்னு கண்டுபிடிச்சிட்டா முக்கால்வாசி வேலை முடிஞ்சிது. இதைப் பாக்காம நெறய பேரு நேரா ஐகானை டெலிட் பண்ணிடுறாங்க, அப்புறம் சரியான அட்ரஸ் என்னன்னே தெரியாம கூகுள்ல தேடி எங்கயோ போய் மாட்டிக்கறாங்க. அதனால எடுத்த எடுப்புல டெலிட் வேண்டாம்.

ஸ்டெப் 1: அட்ரஸை கையால அடிச்சுப் பாருங்க

பிரவுசரை தனியா திறங்க. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எதுவா இருந்தாலும் சரி. கீபோர்டுல கன்ட்ரோல் கீயும் எல் எழுத்து கீயும் சேர்த்து அமுக்கினா கர்சர் நேரா மேல அட்ரஸ் பாருக்கு போயிடும், அங்க சைட் அட்ரஸை முழுசா அடிச்சு என்டர் தட்டுங்க. சைட் வந்துடுச்சுன்னா நெட்டு நல்லா இருக்கு, சர்வரும் நல்லா இருக்கு, கோளாறு ஐகான்லதான், ஸ்டெப் 2க்கு போங்க. வரலைன்னா உடனே செல்போன்ல வைஃபையை ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டாவுல அதே அட்ரஸை அடிங்க. போன்ல வருது கம்ப்யூட்டர்ல வரலைன்னா கோளாறு நம்ம நெட்லயோ நம்ம கம்ப்யூட்டர்லயோதான், ஸ்டெப் 5ஐ பாருங்க. ரெண்டுலயுமே வரலைன்னா அப்பதான் சர்வர் டவுன்னு சொல்ற தகுதியே நமக்கு வருது.

இங்க ரெண்டு விஷயம் கவனிங்க. தமிழ் டைப்பிங் ஆன்ல இருந்தா அட்ரஸ் பார்ல தமிழ் எழுத்தா விழும், அப்ளிகேஷன்ல பேரை தமிழ்ல அடிச்சிட்டு மாத்த மறந்துடறது எங்க கடையில தினமும் நடக்கும். இன்னொண்ணு, டாட்டுக்கு பதிலா கமா விழுந்தாலோ நடுவுல ஸ்பேஸ் விழுந்தாலோ பிரவுசர் அதை அட்ரஸா எடுத்துக்காம தேடல் வார்த்தையா எடுத்துக்கிட்டு கூகுள் பக்கத்தை காட்டும், அதுல மேலயே விளம்பரம்னு போட்டு வர்ற லிங்க்கை யாரும் அமுக்காதீங்க. அரசாங்க சைட் மாதிரியே வேஷம் போட்டு காசு புடுங்கற சைட்டுங்க இருக்கு. தமிழ்நாடு அரசு சைட்டுன்னா அட்ரஸ் பெரும்பாலும் டிஎன் டாட் கவ் டாட் இன்னுன்னோ, கவ் டாட் இன்னுன்னோ, என்ஐசி டாட் இன்னுன்னோ முடியும், அதுக்கப்புறம் ஒரு சாய்வு கோடு வந்து வேற என்ன வேணா வரலாம். தெரியாம காசு கட்டிட்டா நேரத்தை கடத்தாம 1930க்கு போன் பண்ணுங்க, அது சைபர் கிரைம் உதவி எண்.

ஸ்டெப் 2: ஐகானுக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு படிங்க

இதைத்தான் யாரும் செய்யறதில்ல, இதுலதான் விஷயமே இருக்கு. ஐகான் மேல ரைட் கிளிக் பண்ணி கீழ்ப்பக்கமா இருக்கற ப்ராப்பர்டீஸை அமுக்குங்க. ஒரு சின்ன பெட்டி திறக்கும். மேல டேப்புல வெப் டாக்குமென்ட்னு இருந்தா அது ஒரு வகை, ஷார்ட்கட்னு இருந்தா அது இன்னொரு வகை, ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் ஜாதகம் வேற.

வெப் டாக்குமென்ட் வகைன்னா அதுக்குள்ள யூஆர்எல்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல அட்ரஸ் மட்டும்தான் இருக்கும். எந்த பிரவுசர்னு அதுல எழுதியிருக்காது. விண்டோஸ்ல எந்த பிரவுசர் டிஃபால்ட்டோ, அதாவது லிங்க்கெல்லாம் வழக்கமா எதுல திறக்கணும்னு வெச்சிருக்கோமோ, அதுல திறக்கும். அந்த கட்டத்துல இருக்கறதை எழுத்தெழுத்தா படிங்க. எச்டிடிபிஎஸ்ஸுன்னு ஆரம்பிச்சு, முக்காற்புள்ளி, ரெண்டு சாய்வு கோடு, அப்புறம் சைட் பேரு, இப்படித்தான் இருக்கணும். ஒரு எழுத்து விட்டுப் போனாலும் போகாது. தப்பா இருந்தா அங்கயே திருத்தி அப்ளை, ஓகே குடுங்க, அவ்வளவுதான்.

ஷார்ட்கட் வகைன்னா டார்கெட்னு ஒரு கட்டம் இருக்கும், இது கொஞ்சம் நீளமா இருக்கும், பாத்து பயப்பட வேண்டாம். மொதல்ல ரெட்டை மேற்கோள் குறி, அதுக்குள்ள சி டிரைவ்ல புரோகிராம் ஃபைல்ஸ்ல எந்த ஃபோல்டர்ல பிரவுசர் இருக்குங்கற வழி, கடைசியில குரோம் டாட் இஎக்ஸ்இ மாதிரி ஒரு பேரு, மறுபடியும் மேற்கோள் குறி, அதுக்கப்புறம் ஒரு ஸ்பேஸ், அந்த ஸ்பேஸுக்கு அப்புறம் சைட் அட்ரஸ். மேற்கோள் குறி மூடினதுக்கு அப்புறம் ஸ்பேஸ் இல்லாம அட்ரஸை ஒட்டி எழுதினாலும் திறக்காது, அட்ரஸை மேற்கோள் குறிக்கு உள்ள போட்டாலும் திறக்காது. நான் பாத்த வரைக்கும் கையால ஷார்ட்கட் செஞ்சவங்க தப்பு பண்றது இந்த ஒரு ஸ்பேஸ்லதான்.

இந்த வகை ஐகானை டபுள் கிளிக் பண்ணும்போது, இந்த ஷார்ட்கட் காட்டற பொருள் மாறிடுச்சு இல்ல நகர்ந்துடுச்சு, டெலிட் பண்ணட்டுமான்னு விண்டோஸே இங்கிலீஷ்ல கேக்கும். நோன்னு குடுங்க. அதுக்கு அர்த்தம் சைட் போச்சுன்னு இல்ல, டார்கெட்ல சொன்ன எடத்துல பிரவுசர் இல்லைன்னு அர்த்தம். குரோமை எடுத்துட்டு திரும்ப போட்டிருப்பாங்க, முன்னாடி எக்ஸ் 86ன்னு எழுதின புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்ல இருந்திருக்கும், இப்ப சும்மா புரோகிராம் ஃபைல்ஸ்ல இருக்கும். இல்லைன்னா வேற கம்ப்யூட்டர்ல இருந்து பென்டிரைவ்ல ஐகானை காப்பி பண்ணி கொண்டு வந்திருப்பாங்க, அந்த கம்ப்யூட்டர்ல பிரவுசர் இருந்த எடம் வேற, இங்க வேற. டார்கெட்ல இருக்கற சைட் அட்ரஸை மட்டும் காப்பி பண்ணி வெச்சிக்கிட்டு புதுசா ஒரு ஐகான் செஞ்சிடுங்க, கீழ சொல்றேன்.

டார்கெட்டை படிக்கும்போது இன்னொண்ணும் மாட்டும். குரோமை மட்டும் திறக்கற ஐகான்ல, குரோம் டாட் இஎக்ஸ்இக்கு அப்புறம் நமக்கு சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு சைட் அட்ரஸ் ஒட்டிக்கிட்டு இருந்தா அது வைரஸ் வேலை. எப்ப குரோமை திறந்தாலும் சூதாட்ட விளம்பரமோ தெரியாத தேடல் பக்கமோ வருதுன்னா இதைப் பாருங்க. அந்த அட்ரஸை மட்டும் அழிச்சிட்டு ஓகே குடுத்துட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில ஃபுல் ஸ்கேன் ஒரு தடவ ஓட்டுங்க, அழிச்சதோட விட்டா நாளைக்கு திரும்ப வந்து ஒட்டிக்கும். பென்டிரைவ்ல இருந்த ஃபோல்டர் எல்லாம் திடீர்னு அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டா மாறியிருந்தா அதுவும் வைரஸ்தான், அதை டபுள் கிளிக் பண்ணாதீங்க, மொதல்ல ஸ்கேன்.

குரோம்ல மூணு புள்ளி மெனுவுல கிரியேட் ஷார்ட்கட்னு குடுத்து செஞ்ச ஐகான்ல நெறய தடவ டார்கெட் வேற மாதிரி இருக்கும், சைட் அட்ரஸுக்கு பதிலா புரொபைல், ஆப் ஐடின்னு நீளமா ஏதோ ஓடும். அந்த ஐகான் எந்த குரோம் புரொபைல்ல, அதாவது குரோம்ல ஆளாளுக்கு தனியா வெச்சிருக்கற கணக்குல செஞ்சீங்களோ அதோட கட்டிப் போட்ட மாதிரி. வீட்ல அண்ணனோட புரொபைல்ல செஞ்ச ஐகான், அண்ணன் புரொபைலை அழிச்சா வேலைக்கு ஆகாது. அதை திருத்தறதை விட புதுசா செய்யறதுதான் சுலபம்.

ஸ்டெப் 3: டிஃபால்ட் பிரவுசர் யாரு?

அட்ரஸ் சரியா இருக்கு, ஆனா டபுள் கிளிக் பண்ணா எதுல திறக்கறதுன்னு கேக்குது, இல்ல ஒண்ணுமே நடக்கலைன்னா இங்க பாருங்க. செட்டிங்ஸ், ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ். விண்டோஸ் 10ல கொஞ்சம் கீழ போனா வெப் பிரவுசர்னு இருக்கும், அதை அமுக்கி வேணுங்கற பிரவுசரை எடுங்க. விண்டோஸ் 11ல பிரவுசர் பேரை தேர்ந்தெடுத்தா மேலயே செட் டிஃபால்ட்னு ஒரு பட்டன் இருக்கும். ஏற்கனவே அதே பிரவுசர்தான் இருக்குன்னு காட்டினாலும் ஒரு தடவ வேற ஒண்ணுக்கு மாத்திட்டு திரும்ப இதுக்கே மாத்துங்க, பல தடவ அதுலயே சரியாயிடும்.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்கள்ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்குன்னே செஞ்ச ஐகான் இன்னும் இருக்கும், நீல கலர் இங்கிலீஷ் ஈ எழுத்து. 2022 ஜூன் 15ல மைக்ரோசாஃப்ட் அதுக்கு ஆதரவை நிறுத்திடுச்சு, 2023 பிப்ரவரி 14ல விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்கள்ல அதை எட்ஜ் அப்டேட் மூலமாவே செயலிழக்க வெச்சிட்டாங்க. இப்ப அந்த ஐகானை அமுக்கினா எட்ஜ்தான் வரும். எட்ஜ்லயே செட்டிங்ஸ்ல டிஃபால்ட் பிரவுசர்னு ஒரு பகுதி இருக்கு, அதுல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மோடுல திறக்கற பக்கங்கள்னு ஒரு லிஸ்ட் இருக்கும், பழைய சைட் எதுவும் புது பிரவுசர்ல ஒழுங்கா வரலைன்னா அந்த அட்ரஸை அதுல சேர்க்கலாம். ஆனா அந்த லிஸ்ட்ல சேர்த்தது 30 நாள்தான் இருக்கும். ஒரு மாசம் நல்லா ஓடிட்டு திடீர்னு நின்னுடுச்சுன்னு ஒருத்தர் லேப்டாப்பை தூக்கிட்டு பாலக்கோட்டுல இருந்து வந்தாரு, ஃபார்மேட் பண்ணணும்னு யாரோ சொல்லிட்டாங்களாம். லிஸ்ட்ல திரும்ப சேர்த்ததும் சரியாயிடுச்சு. ஃபார்மேட் பண்ணியிருந்தா அவரு பொண்ணு கல்யாண போட்டோ எல்லாம் போயிருக்கும். ஐகான் திறக்கலைங்கறதுக்காக யாராவது ஃபார்மேட்னு பேச்செடுத்தா தயவு செஞ்சு லேப்டாப்பை வாங்கிக்கிட்டு வந்துடுங்க.

ஸ்டெப் 4: அட்ரஸே பழசாயிடுச்சா?

ஐகான் சரி, பிரவுசர் சரி, ஆனா 404னு வருது, இல்ல பக்கம் கிடைக்கலைன்னு வருது. அப்ப சைட்டு வீடு மாத்திடுச்சு. வருமான வரி சைட் 2021 ஜூன் 7ல புது போர்ட்டலுக்கு மாறுச்சு, அட்ரஸும் மாறிடுச்சு, பழைய அட்ரஸ்ல ஐகான் வெச்சிருந்தவங்க எல்லாரும் அப்ப தடுமாறினாங்க. அதே மாதிரி வங்கிங்க எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள்ள பேங்க் டாட் இன்னுன்னு முடியற அட்ரஸுக்கு மாறணும்னு ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு. வங்கி பேருல போலி சைட் நடத்தறதை தடுக்கத்தான் இது. அதனால நெட் பேங்கிங்குக்கு பழைய ஐகான் வெச்சிருக்கறவங்க அதை அப்படியே விடாம, பாஸ்புக்குலயோ கிளையிலயோ புது அட்ரஸை உறுதி பண்ணிக்கிட்டு புதுசா செஞ்சிக்கங்க. வாட்ஸப்ல வந்த லிங்க்ல இருந்து மட்டும் வங்கிக்கு ஐகான் செய்யவே செய்யாதீங்க.

அடுத்தது என்னோட தப்பு, அந்த அம்மாவை ரெண்டு நாள் அலைய விட்ட தப்பு. லாகின் பண்ணி உள்ள போய், சாதி சான்றுக்கான பக்கம் (இ-சேவையில அதுக்கு ஆர்இவி 101னு எண்) வந்ததும் தினமும் இதுதானே வேணும்னு அங்கயே நின்னு ஐகான் செஞ்சு வெச்சிருந்தேன். உள்பக்கத்தோட அட்ரஸ் அந்த லாகின் இருக்கற வரைக்கும்தான் செல்லும், லாக் அவுட் ஆனதும் செத்துடும். பத்திரப்பதிவு சைட், இ-சேவை, ட்ரெயின் டிக்கெட், வங்கி, எங்க லாகின் இருக்கோ அங்க எல்லாம் இதேதான். எப்பவும் முதல் பக்கத்துக்கு வந்து, லாக் அவுட் பண்ணிட்டு, அங்க இருந்துதான் ஐகான் செய்யணும். அட்ரஸ்ல கேள்விக்குறியும் அதுக்கப்புறம் நீளமா எண்ணும் எழுத்தும் ஓடுச்சுன்னா அது பெரும்பாலும் உள்பக்கம், அதை சேமிக்காதீங்க. பிளஸ் டூ, பத்தாவது ரிசல்ட் லிங்க்கும் அப்படித்தான், போன வருஷத்து பக்கத்தை சேமிச்சு வெச்சிட்டு இந்த வருஷம் அமுக்கினா பழசுதான் வரும் இல்ல வரவே வராது, ரிசல்ட் அன்னிக்கு காலையில புள்ளைங்க பதட்டத்துல நிக்கும்போது இதை கண்டுபிடிக்கறதுக்குள்ள நமக்கே வேர்த்துடும்.

சைட் திறந்தும் ஊரு வரலைன்னு வர்றவங்களும் இருக்காங்க, ஷார்ட்கட் கோளாறுன்னுதான் சொல்லுவாங்க. காவேரிப்பட்டணம், பர்கூர், ஊத்தங்கரை பக்கத்து ஆளுங்க கையில இருக்கற பழைய பத்திரத்துல தர்மபுரி மாவட்டம்னு இருக்கும், அதைப் பாத்து சைட்லயும் தர்மபுரியை தேர்ந்தெடுத்துட்டு தாலுகாவை தேடிக்கிட்டே இருப்பாங்க. 2004 பிப்ரவரி 9ல கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிடுச்சு, அதனால மாவட்டத்துல கிருஷ்ணகிரியை எடுத்தாத்தான் தாலுகாவும் ஊரும் கீழ வரும். ஐகான் மேல பழி போட வேண்டாம்.

புதுசா ஐகான் செய்யற முறை

டெஸ்க்டாப்ல காலி எடத்துல ரைட் கிளிக், நியூ, ஷார்ட்கட். ஒரு பெட்டி வரும், அதுல சைட்டோட முதல் பக்க அட்ரஸை எச்டிடிபிஎஸ்ஸோட சேர்த்து பேஸ்ட் பண்ணி நெக்ஸ்ட் குடுங்க, பேரு கேக்கும், தமிழ்லயே பட்டா, வில்லங்கம்னு பேரு வெச்சிக்கங்க, ஃபினிஷ். இதுல செஞ்சா வெப் டாக்குமென்ட் வகையா வரும், பிரவுசர் எங்க இருந்தாலும் கவலை இல்ல, அதனால எனக்கு இதுதான் பிடிக்கும். இன்னொரு வழி, பிரவுசர் விண்டோவை கொஞ்சம் சின்னதாக்கி டெஸ்க்டாப் தெரியற மாதிரி வெச்சிக்கிட்டு, அட்ரஸுக்கு இடது பக்கம் இருக்கற குட்டி படத்தை புடிச்சு இழுத்து டெஸ்க்டாப்ல விடறது. முன்னாடி அங்க பூட்டு படம் இருந்துச்சு, 2023ல இருந்து குரோம்ல ரெண்டு கோடு ரெண்டு வட்டம் மாதிரி மாத்திட்டாங்க, பூட்டைக் காணோமேன்னு தேடாதீங்க.

ஸ்டெப் 5: ஐகான் நல்லாத்தான் இருக்கு, ஆனாலும் சைட் வரல

மொதல்ல கம்ப்யூட்டரோட தேதியைப் பாருங்க, வலது கீழ் மூலையில. சிரிக்காதீங்க, இது ரொம்ப முக்கியம். யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்னு எச்சரிக்கை பக்கம் வந்து, ஒரு சைட் இல்ல, எல்லா சைட்டும் அப்படியே வந்தா பெரும்பாலும் தேதி தப்புன்னு அர்த்தம். ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு சான்றிதழ் இருக்கு, அது இன்ன தேதியில இருந்து இன்ன தேதி வரைக்கும் செல்லும்னு எழுதியிருக்கும், நம்ம கம்ப்யூட்டர் 2015னு நெனச்சிக்கிட்டு இருந்தா அந்த சான்றிதழ் இன்னும் பொறக்கவே இல்லைன்னு பிரவுசர் தடுத்துடும். தேதியை சரி பண்ணி பக்கத்தை ரீலோடு பண்ணா போதும். கரண்ட் போய் வந்தா ஒவ்வொரு தடவையும் தேதி பின்னாடி போகுதுன்னா மதர்போர்டுல இருக்கற சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீந்துடுச்சு, சின்ன காசு சைஸ்ல இருக்கும், வாட்ச் கடையிலயே கிடைக்கும். நாலு வருஷம் பழசான கம்ப்யூட்டர் வெச்சிருக்கறவங்க அதை மாத்தி வெச்சிக்கறது நல்லது.

தேதி சரியா இருந்தும் ஒரே ஒரு சைட் மட்டும் மக்கர் பண்ணுதுன்னா குரோம்லயோ எட்ஜ்லயோ கன்ட்ரோல், ஷிஃப்ட், என் எழுத்து, மூணு கீயையும் சேர்த்து அமுக்கி இன்காக்னிட்டோ விண்டோவுல, அதாவது பழசு எதையும் எடுத்துக்காத தனி விண்டோவுல திறந்து பாருங்க. அதுல வந்துடுச்சுன்னா சாதா விண்டோவுல பழைய குக்கீயோ (சைட் நம்ம கம்ப்யூட்டர்ல போட்டு வெக்கற சின்ன குறிப்பு), எக்ஸ்டென்ஷனோ (பிரவுசர்ல கூடுதலா சேர்த்த புரோகிராம்) குறுக்க நிக்குது. மொத்தமா எல்லாத்தையும் அழிக்காதீங்க, பாஸ்வேர்டு எல்லாம் சேர்ந்து போயிடும், அட்ரஸுக்கு இடது பக்க படத்தை அமுக்கினா அந்த சைட்டோட குக்கீயை மட்டும் அழிக்க வழி இருக்கு. அப்புறம் கன்ட்ரோலோட எஃப் 5 சேர்த்து அமுக்கி ரீலோடு பண்ணுங்க.

சைட் வருது, ஆனா சான்றிதழ் டவுன்லோடு அமுக்கினா ஒண்ணும் நடக்கலைங்கறது தனிக் கதை. பல அரசு சைட்டுங்க பிடிஎஃப்பை தனி விண்டோவுல திறக்கும், பிரவுசர் அதை பாப்-அப்னு நெனச்சு தடுத்துடும். அட்ரஸ் பாரோட வலது ஓரத்துல ஒரு குட்டி படம் மின்னும், அதை அமுக்கி எப்பவும் அனுமதின்னு குடுங்க.

எந்த சைட்டும் எந்த பிரவுசர்லயும் வரல, ஆனா போன்ல அதே வைஃபையில நல்லா வருதுன்னா செட்டிங்ஸ்ல நெட்வொர்க், அங்க ப்ராக்ஸின்னு இருக்கும், அது நம்ம நெட்டை நடுவுல வேற ஒரு கம்ப்யூட்டர் வழியா சுத்தி விடறது, யூஸ் எ ப்ராக்ஸி சர்வர்ங்கறது ஆன்ல இருந்தா, நீங்களா போடாததா இருந்தா, ஆஃப் பண்ணிடுங்க, வைரஸ் சில சமயம் அதை ஆன் பண்ணி விட்டுடும். ஆபீஸ் கம்ப்யூட்டர்னா மட்டும் கேட்டுட்டு செய்யுங்க. போன்லயும் வைஃபையில வரல, மொபைல் டேட்டாவுல வருதுன்னா ரௌட்டரை ஆஃப் பண்ணி அரை நிமிஷம் விட்டு ஆன் பண்ணுங்க. டிஎன்எஸ்ஸுன்னு ஆரம்பிக்கற எரர் அடிக்கடி வந்தா நெட்வொர்க் செட்டிங்ஸ்ல டிஎன்எஸ் எண்ணை 8.8.8.8 இல்ல 1.1.1.1னு மாத்திப் பாருங்க, சைட் பேரை எண்ணா மாத்திக் குடுக்கற சர்வர் அது, நமக்கு குடுத்திருக்கறது படுத்துக்கிட்டா வேற ஒண்ணைக் கேக்கறோம், அவ்வளவுதான்.

இவ்வளவும் பண்ணியும் வரலைன்னா விண்டோஸ் என்ன வெர்ஷன்னு பாருங்க. விண்டோஸ் 7லயும் 8.1லயும் குரோம் 109தான் கடைசி, 2023க்கு அப்புறம் புது குரோம் அதுல ஏறாது. பழைய பிரவுசர்ல புது சைட் பாதி திறக்கும் பாதி திறக்காது, பட்டன் அமுக்கினா அசையாது. விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபர் 14ஓட ஆதரவு முடிஞ்சிது, அதுல சைட்டெல்லாம் இன்னும் வருது, ஆனா வங்கி வேலை பாக்கற கம்ப்யூட்டர்னா சீக்கிரம் மாத்தறதுதான் பாதுகாப்பு.

போன்ல ஹோம் ஸ்கிரீன்ல வெச்ச ஐகான் திறக்கலைன்னா ரொம்ப யோசிக்க வேண்டாம், குரோமை டிஸேபிள் பண்ணியிருக்கீங்களான்னு பாருங்க, பிளே ஸ்டோர்ல குரோமையும் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூவையும் அப்டேட் பண்ணுங்க, அப்பவும் வரலைன்னா ஐகானை அழுத்திப் புடிச்சு எடுத்துட்டு, சைட்டோட முதல் பக்கத்துக்கு போய் மூணு புள்ளி மெனுவுல ஆட் டு ஹோம் ஸ்கிரீன் குடுங்க.

எங்க கடையில இப்ப ஒரு 80 பக்க நோட்டு மானிட்டர் பக்கத்துலயே கயித்துல கட்டித் தொங்குது. ஒவ்வொரு சைட்டோட முதல் பக்க அட்ரஸும் அதுல பேனாவால எழுதியிருக்கோம், அட்ரஸ் மாறினா பழசை அடிச்சிட்டு தேதி போட்டு புதுசை எழுதுவோம். ஐகான் மக்கர் பண்ணா நோட்டைப் பாத்து அடிக்கறோம். நெசமாவே சர்வர் டவுன்னா வந்தவங்களோட நம்பரை அதே நோட்டுல பின்பக்கத்துல இருந்து எழுதி வெச்சிக்கறோம், சைட் வந்ததும் நாங்களே கூப்புட்டு சொல்றோம், அதுக்கப்புறம் கிளம்பி வந்தா போதும்.